ஒரு தலைக்கட்டுக்கு ஒரு எச்சில்

விஞ்ஞானப்படி நான் ஒரு நாள் பகல் முழுக்க என் மனைவியாக இருந்திருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, படம் இருக்கிறது. ஒரு கல்லூரி அரங்கத்தில், சுவர் அளவு திரையில், கூட்டம் கூடிப் பார்த்த படம். இதைப் பெருமை என்று நான் சொல்லிக்கொண்டு திரியவில்லை. ஆனால் நான் சொல்லாவிட்டால் அவள், செல்வி, சொல்லிவிடுவாள். செல்வி சொல்கிற கதையில் எனக்கு வசனமே கிடையாது, தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற வேஷம் மட்டும்தான். அதனால் முந்திக்கொள்கிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். கோரிப்பாளையத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை, கோச்சடையில் வீடு. காலையில் குளித்துத் திருநீறு பூசி, சாமி படங்களுக்குப் பூப்போட்டு, அதற்குப் பிறகுதான் எனக்குக் காபி. (காபிக்குப் பிறகுதான் பக்தி என்று இருப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் மனைவி செல்வி அந்தக் கட்சிதான்.) கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவேன். கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால், இரண்டு வேளைக் குளியல். மற்றவர்கள் மாலை போட்டால் அவர்கள் விரதம் இருப்பார்கள். நான் மாலை போட்டால் வீடே விரதம் இருக்கும். யார் தண்ணீர் குடித்தாலும் டம்ளர் உதட்டில் பட்டதா என்று எட்டிப் பார்ப்பேன். பட்டுவிட்டால் அந்த டம்ளர் தனி, அதைத் தொட்ட கை தனி. எச்சில் விஷயத்தில் நான் அவ்வளவு கறார். "உங்களுக்கு வாய்க்குள்ள எச்சி ஊறுறதே சாமி பார்க்காம ஊறணும்" என்று செல்வி சொல்வாள்.

எங்களுக்கு ஒரே மகள், நந்தினி. பயோடெக்னாலஜியில் எம்.எஸ்சி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அது என்ன படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "டாக்டர் மாதிரிதான், ஆனா ஊசி போடமாட்டா" என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். அந்தக் கார்த்திகையில் அவர்கள் துறையில் பெற்றோர்களை அழைத்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாங்கள் செய்த ஆராய்ச்சியை மேடையில் செய்துகாட்ட வேண்டும். அதைப் பார்க்க பெங்களூரிலிருந்து ஒரு விஞ்ஞானி வருகிறார். செய்வதில் யார் கை சுத்தம் என்று பார்த்து, ஒரே ஒரு பிள்ளையை ஆறு மாதப் பயிற்சிக்குத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொள்வார்.

அந்த ஓர் இடத்துக்கு நந்தினி ஆசைப்பட்டாள். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை இல்லை. தீபாவளிக்குக்கூட "ஏதாவது எடுங்கப்பா" என்பாள். அவளே சாமி அறை வாசலில் வந்து நின்று, "அப்பா, இது மட்டும் கிடைக்கணும்னு வேண்டிக்கங்கப்பா" என்று சொன்னாள். அன்றிலிருந்து தினம் ஒரு சரணம் அவளுக்காகக் கூடுதலாகச் சொன்னேன். மேலே இருப்பவர் தன் பங்கைச் செய்தார். குளறுபடி முழுக்க என் பங்கு.

அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி எங்கள் குடும்பம்தான். அப்பா, அம்மா, மகள், மூன்று பேருடைய டி.என்.ஏ.யை எடுத்து, பிள்ளைக்குப் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கும்படி காட்ட வேண்டும். சாப்பிடும்போது எனக்கு விளக்கினாள். உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுருட்டி வைத்த நூல் மாதிரி ஒன்று இருக்கிறதாம். நம் மூக்கு இப்படி, முடி இப்படி என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறதாம். அவள் சொன்னதில் "அப்பா பாதி, அம்மா பாதி" என்பது மட்டும் எனக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. சாமியே பாதி உடம்பை அம்பாளுக்குக் கொடுத்தவர்தானே, இதைத்தான் இப்போது கண்டுபிடித்திருக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டு ரசத்தைப் பிசைந்தேன். மீதியைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

ஒருநாள் காலையில் நந்தினி நீளமான பஞ்சுக்குச்சிகளும் மூடி போட்ட சின்னச் சின்னக் குழாய்களுமாக வந்தாள். செல்வி அடுப்படியில் புளிக்குழம்பைக் கிண்டிக்கொண்டே வாயைத் திறந்தாள்; கன்னத்தின் உள்பக்கம் குச்சியால் நாலு தேய் தேய்த்து, 'அம்மா' என்று ஒட்டிய குழாயில் போட்டு மூடினாள். அடுத்து என்னிடம் வந்தாள்.

"வாயத் திறங்கப்பா."

"எதுக்கு தாயி?"

"கன்னத்து உள்பக்கம் லேசாத் தேய்க்கணும். செல்லு வரும்."

"எச்சிலா?"

"எச்சி இல்லப்பா, செல்லு."

"அது எங்க இருக்கு?"

"வாய்க்குள்ள."

"வாய்க்குள்ள இருக்கறதுக்கு வேற என்ன பேரு? மாலை போட்டிருக்கேன்ல தாயி."

"அப்பா, ஒரு நிமிஷ வேலை. எடுத்து மூடி ஃப்ரிட்ஜில வச்சிருவேன், நாளைக்குக் காலேஜுக்குக் கொண்டு போயிருவேன்."

ஃப்ரிட்ஜ் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே ஃப்ரிட்ஜில்தான் பூஜைக்கு வைக்கிற பால் இருந்தது. என் எச்சில் ஒரு ராத்திரி முழுக்கச் சாமி பாலுக்குப் பக்கத்தில் குளிர் காய்வதை நினைத்துப் பார்த்தேன். (செல்வியின் எச்சில் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. விரதம் எனக்குத்தானே.) என் முகத்தைப் பார்த்து நந்தினிக்கே பாவமாகிவிட்டது.

"சரிப்பா, குளிச்சு பூஜையெல்லாம் முடிச்சுட்டு நீங்களே தேய்ச்சு இந்தக் குழாயில போட்டு மூடிருங்க. அம்மாவுக்கு செஞ்சேன்ல, அதே மாதிரிதான். வேற எதையும் தொட்ராதீங்க. எனக்கு பஸ்சுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று 'அப்பா' என்று ஒட்டிய குழாயையும் ஒரு குச்சியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். என்னை நம்பிக் கொடுத்தாள்.

குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நான் யோசிப்பது அபூர்வம். யோசித்தால் இப்படித்தான் ஆகும்.

எங்கள் குலசாமி கோயிலில் திருவிழாவுக்கு வரி போடும்போது ஆளுக்கு இவ்வளவு என்று போடமாட்டார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு. கல்யாணம் ஆகாதவனுக்கு வரியே கிடையாது. தாலி கட்டிய நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு தலைக்கட்டு. செல்வி கழுத்தில் தாலி ஏறிய அன்றே தன் பிறந்த வீட்டுச் சாமியை விட்டு எங்கள் சாமிக்கு வந்துவிட்டாள். முதல் முடி, காதுகுத்து, பொங்கல் எல்லாமே எங்கள் சாமிக்குத்தான். சாமி கணக்கிலேயே நாங்கள் இரண்டு பேரும் ஒன்று என்றால், அந்தச் சின்னக் குழாய் கணக்கில் மட்டும் இரண்டாகவா இருக்கப்போகிறோம்? போதாக்குறைக்கு இத்தனை வருஷம் ஒரே அடுப்பு, ஒரே குழம்பு, ஒரே வைகைத் தண்ணீர். உள்ளே இருக்கிற நூல் இத்தனை நாளில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து முறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு எச்சில் போதும்.

அடுப்படிக்குப் போனேன். "இன்னொரு தடவை" என்று மட்டும் சொல்லிக் குச்சியை நீட்டினேன். (நந்தினி கேட்டாள் என்று நான் சொல்லவில்லை. விரதத்தில் பொய் சொல்லக்கூடாது.) கையில் கரண்டியோடு செல்வி திரும்பாமலே வாயைத் திறந்தாள். என் கை அவள் உதட்டில் படாமல், காது குடைகிற பாவனையில் தேய்த்து எடுத்து, குழாயில் போட்டு மூடினேன். கையைக் கழுவி, ஒரு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். மனசு நிம்மதியாக இருந்தது.

கண்காட்சி அன்று செல்வி கல்யாணப் பட்டுக்கு அடுத்த பட்டைக் கட்டிக்கொண்டாள். நான் கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், வெறுங்கால். எனக்குப் பக்கத்து நாற்காலியில் பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மகனும் அதே வகுப்பு. மாலை போட்டவர்களை ஊரே 'சாமி' என்றுதானே கூப்பிடும், அவரும், "சாமி, நமக்கு ஒண்ணும் புரியாது. எல்லாரும் கை தட்டுறப்ப ஒரு தட்டுத் தட்டி விடுங்க, நானும் தட்டிக்கிறேன்" என்றார்.

நந்தினி மேடைக்கு வந்தாள். மைக்கைப் பிடித்தாள். வீட்டில் பேசவே யோசிக்கிற பிள்ளை அங்கே அவ்வளவு அழகாகப் பேசினாள். சோப்பு மாதிரி ஒரு திரவத்தில் செல்லை உடைத்து, உப்பும் குளிர்ந்த சாராயச் சத்தும் சேர்த்து நூலைப் பிரித்தெடுத்தது, அதில் வேண்டிய துண்டை மட்டும் ஒரு மெஷினில் சூடாக்கி, ஆறவைத்து, திரும்பச் சூடாக்கி லட்சக்கணக்கில் நகல் எடுத்தது, எல்லாம் சொன்னாள். அதெல்லாம் முதல் நாளே முடித்துவிட்டாள். கடைசிக் கட்டம் மட்டும் எங்கள் கண் முன்னால்.

ஒரு தட்டில் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று ஒரு பாளம். "இது கடல்பாசியில இருந்து எடுக்கறதுதான்" என்றாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது; நோன்பு மாதத்தில் எங்கள் கடைக்குப் பக்கத்து பாய் வீட்டிலிருந்து ரோஸ் கலரில் இனிப்புக் கடல்பாசி வருமே, அதன் அண்ணன். பாளத்தின் ஒரு ஓரத்தில் சின்னச் சின்னக் குழி. குழிக்கு ஒரு ஆளுடைய துண்டுகளை விட்டு, மின்சாரம் கொடுத்தால் அவை ஓடும். சின்னத் துண்டு சந்து பொந்தில் புகுந்து சீக்கிரம் முன்னால் போகும். பெரிய துண்டு பின்தங்கும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பொடிப்பிள்ளைகள் கால் இடுக்கில் ஓடிப்போக, என்னை மாதிரித் தொந்திக்காரன் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது போல. ஓடி முடித்ததும் நீல வெளிச்சத்தில் வைத்தால் துண்டுகள் நின்ற இடம் கோடு கோடாக மினுங்கும்.

"முதல்ல ஒரு சின்ன டெஸ்ட்டு. பெண்ணுக்கு ஒரு கோடு தெரியும். ஆணுக்கு ரெண்டு கோடு. இதுல எது எங்கப்பான்னு நீங்களே கண்டுபிடிங்க" என்று சிரித்துக்கொண்டே விளக்கை அணைக்கச் சொன்னாள்.

திரையில் படம் வந்தது. அம்மா: ஒரு கோடு. மகள்: ஒரு கோடு. அப்பா: ஒரு கோடு.

வெங்காய மண்டிக்காரர் என் காதோரம் குனிந்து, "என்ன சாமி, மூணும் பொம்பளப்பிள்ளையால்ல இருக்கு?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மார்க்கெட்டில் ஏலம் கூறிப் பழகிய குரல். அவருடைய மெதுவே கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. ஒரு மூலையில் தொடங்கிய சிரிப்பு இன்னொரு மூலைக்குப் போனது. நான் என்னையறியாமல் தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

நந்தினியின் சிரிப்பு நின்றது. "ஒரு நிமிஷம்" என்று அடுத்த பாளத்தைப் போட்டாள். அது உறவு காட்டுகிற பாளம். ஒவ்வொருவருக்கும் இரண்டு கோடு. பிள்ளையின் இரண்டில் ஒன்று அம்மாவுடையதோடும் இன்னொன்று அப்பாவுடையதோடும் பொருந்த வேண்டும். அம்மாவின் இரண்டு கோடும் அப்பாவின் இரண்டு கோடும் அச்சில் வார்த்தது போல ஒரே உயரத்தில் நின்றன. நந்தினியின் ஒரு கோடு அவற்றில் ஒன்றோடு பொருந்தியது. இன்னொரு கோடு யாருடனும் சேராமல் அநாதையாக நின்றது.

முன் வரிசையில் இருந்த அவர்கள் துறைத் தலைவி எழுந்தார். நல்ல அம்மா, ஆனால் கோபம் வந்தால் தமிழும் வேகமாக வரும். "நந்தினி, அம்மா சாம்பிளையே ரெண்டு குழாயிலயும் போட்டியா?"

"இல்ல மேடம். ரெண்டும் தனித்தனியா எடுத்தது."

"தனித்தனியா எடுத்தா எப்படிம்மா ரெண்டும் ஒரே ஆளா வரும்? அப்பாகிட்ட எடுக்கவே இல்லையா? இருக்கறத ரெண்டாப் பிரிச்சு பேரை ஒட்டிட்டியா?"

பக்கத்தில் பெங்களூர் விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடத்திடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, முகம் தெரியும். கடையில் ஒரு பாத்திரத்தை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறவர்களின் முகம்.

நந்தினி மைக்கை இறக்கினாள். அவள் உதடு இடது பக்கமாக இழுத்தது. குழந்தையாக இருந்தபோது பலூன் வெடித்தாலும் அதே பக்கம்தான் இழுக்கும்.

இந்தப் பக்கம் செல்வி என்னைப் பார்த்துத் திரும்பினாள். தேர் திரும்புவது மாதிரி, மெதுவாக.

"ஏங்க. அன்னைக்கு நான் ரெண்டு தடவை வாயத் திறந்தேன்ல?"

நான் திரையைப் பார்த்தேன்.

"மாலை போட்ட சாமி பொய் சொல்லப்படாது."

எழுந்து நின்றேன். கால் எழுந்ததே தவிர, வாய் எழவில்லை. எப்படியோ, "மேடம், அது என் எச்சில் இல்ல" என்றேன்.

"யாருங்க நீங்க? சாமி, உட்காருங்க, கேள்வியெல்லாம் கடைசியில."

"நான்தான் மேடம் அந்த ரெண்டாவது குழாய்."

அரங்கம் வெடித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்கிற பதற்றத்தில் மாலை போட்டதையும், ஃப்ரிட்ஜ் பாலையும், புளிக்குழம்பையும், குலசாமி கோயில் வரியையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "புருஷன் பொண்டாட்டி ஒரு தலைக்கட்டு மேடம். அதான் ஒரு தலைக்கட்டுக்கு ஒரு எச்சில் போதும்னு நினைச்சுட்டேன். பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. அவளுக்குத் தெரியவே தெரியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் வெங்காய மண்டிக்காரர், "நியாயம்தான சாமி, எங்க கோயில்லயும் தலைக்கட்டுக்குத்தான் வரி" என்று எனக்கு சாட்சி சொன்னார்.

விஞ்ஞானிக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மனிதர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளைக்காக பெத்தவங்க என்ன வேணா சொல்லுவாங்க சார். எனக்குப் படம்தான் பேசணும்" என்றார். என்னைப் பார்த்து, "சாமி சொல்றது நிஜம்னா இப்ப, இங்க, எல்லார் முன்னாலயும் சாம்பிள் குடுக்கணும். நந்தினி மறுபடி முதல்ல இருந்து செய்யட்டும். சாயங்காலம் பார்த்துருவோம்."

மேடையில் ஏறினேன். மேடமே குச்சியை எடுத்தார். எனக்கு முன்னால் அத்தனை ஜனம்; கழுத்தில் துளசி மணி. எச்சில், மாலை, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரு கணம் வரிசையாக வந்து போயின. பிறகு நந்தினியின் உதடு மட்டும் நின்றது. கண்ணை மூடி வாயைத் திறந்தேன். குச்சி உள்ளே போன நொடியில், பழக்கதோஷம், "சாமியே" என்று குழறலாக வந்துவிட்டது. கூட்டத்தில் மாலை போட்டவர்கள் நாலைந்து பேர் இருந்திருப்பார்கள் போல. "சரணம் ஐயப்பா!" என்று அரங்கம் அதிரப் பதில் வந்தது. மேடத்தின் கை ஆடிவிட்டது. இன்னொரு குச்சி எடுக்க வேண்டியதாயிற்று.

நந்தினி குழாயை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. "இனிமே இதுல வேற யாரு கையும் படாது, மேடம்" என்று சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் நேரே தோட்டத்துப் பைப்புக்குப் போய், செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். சொட்டச் சொட்ட வேப்பமர நிழலில் வந்து உட்கார்ந்தேன். செல்வி தன் கைக்குட்டை அளவு துண்டால் என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். துவட்டினாளா, உருவினாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"திட்டிரு செல்வி" என்றேன்.

"திட்டுறதுக்கு என்ன இருக்கு. நானும் நீங்களும் ஒண்ணுனு எம்புட்டுப் பேருக்கு முன்னாடி சொன்னீங்க. சந்தோசமாத்தான் இருந்துச்சு." துண்டைப் பிழிந்து உதறினாள். "ஆனா ஒண்ணு கேக்குறேன். நாம ஒண்ணுன்னா, உங்க எச்சிய எடுத்து என் பேருல குடுக்க உங்களுக்குத் தோணுச்சா?"

எனக்கு அப்படித் தோன்றியிருக்காது.

"உங்க சாமிக்கு வந்தேன், உங்க வீட்டுக்கு வந்தேன், பேருக்குப் பின்னாடி உங்க பேரு. எல்லாம் சரி. ஆனா அங்க திரையில நின்னுச்சே ரெண்டு கோடு, அது எங்கப்பன் ஆத்தா குடுத்தது. அதை நான் எங்கயும் இறக்கி வச்சிட்டு வரலங்க. இம்புட்டு வருஷமா அதுவும் கூடவேதான் இருந்திருக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு பொருள் தொலைந்துபோயிற்று என்று நினைத்திருந்து, பெட்டியின் அடியில் கிடைத்தால் பேசுவார்களே, அப்படிப் பேசினாள். "பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. பளிச்சுனு."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இத்தனை வருஷம் சாமி கும்பிட்டு, அம்பாளுக்குப் பாதி உடம்பு என்று பாடி உருகி, அந்தப் பாதியில் அம்பாள் அம்பாளாகத்தான் இருக்கிறாள் என்பதை நான் யோசித்ததே இல்லை. "மன்னிச்சுக்க தாயி" என்றேன். "எனக்கு எதுக்கு, உங்க மகள்கிட்ட சொல்லுங்க. அவளுக்கு மட்டும் அந்த எடம் போச்சுன்னா, வீட்டுல சோறு கிடையாது. அது விரதம் இல்ல, தண்டனை" என்றாள்.

மத்தியானம் முழுக்க அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மேடையில் வேறு பிள்ளைகள் பேசினார்கள், கை தட்டினார்கள். வெங்காய மண்டிக்காரர் மகனும் நன்றாகச் செய்ததாக ஓடிவந்து சொன்னார். சொல்லிவிட்டு, "உங்க பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று என்னை முதல் தடவையாக அண்ணே என்றார். அந்த 'அண்ணே' எனக்கு அவ்வளவு தெம்பாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு கதவு திறந்தது. பாதிக் கூட்டம் கலைந்திருக்கும் என்று நினைத்தேன். ஒருவரும் போகவில்லை. தலைக்கட்டு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டுமாம். விளக்கை அணைத்தார்கள்.

முதல் படம். அம்மா: ஒன்று. மகள்: ஒன்று. அப்பா: இரண்டு. "ஆம்பளதான்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். விசில்கூட வந்தது.

இரண்டாவது படம். செல்வியின் கோடுகள் காலையில் நின்ற அதே இடத்தில் நின்றன. என் கோடுகள் வேறு உயரத்தில் நின்றன. செல்வியுடையதோடு ஒன்றுகூடச் சேரவில்லை. காலையில் தனியாக நின்ற நந்தினியின் அந்தக் கோடு இப்போது என் கோட்டுக்கு நேராக, ஸ்கேல் வைத்து இழுத்தது போல நின்றது.

அவள் என் மகள் என்பது எனக்குத் தெரியாதா? பிறந்த அன்று கையில் வாங்கியவன். ஆனாலும் பச்சையாக மினுங்கிய அந்தக் கோட்டைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. கர்ப்பகிரகத் திரை விலகியது போல இரண்டு கையையும் தூக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அப்பா, அது சாமி படம் இல்லப்பா" என்றாள் நந்தினி மைக்கிலேயே. காலையிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

விஞ்ஞானி எழுந்து நின்றார். "ஆராய்ச்சி செய்யறவங்க கை சுத்தமா இருக்கான்னு பார்க்க, நாங்களே அவங்களுக்குத் தெரியாம ஒரே சாம்பிளை ரெண்டு பேர்ல குடுத்துப் பார்ப்போம். ரெண்டும் ஒண்ணுன்னு காட்டணும். கொஞ்சம் கலப்படம் ஆனாலும் காட்டாது. அந்தப் பரீட்சையை இன்னைக்கு சாமி வச்சுட்டார், பொண்ணு பாஸ் பண்ணிட்டா. அதை விட, காலையில அத்தனை பேரு சிரிக்கிறப்ப படத்தை மறைக்காம அப்படியே வச்சிட்டு நின்னா பாருங்க, அது எனக்குப் போதும்" என்றார். மேடம் வந்து நந்தினியைத் தோளோடு அணைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "சாமி, அடுத்த வருஷமும் மாலை போடுங்க. ஆனா கண்காட்சிக்கு வராதீங்க" என்றார்.

நந்தினி பெங்களூர் போனாள். ஆறு மாதப் பயிற்சி முடிந்து, அங்கேயே வேலையும் கிடைத்து இருந்துவிட்டாள். அவள் போனில் என் பேர் 'அம்மா 2'. வீட்டுக்குப் பேசினால், "எந்த அம்மா பேசுறீங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். செல்வியோடு எனக்கு வாக்குவாதம் முற்றினால், "நீங்க என்ன சொல்றது, நீங்களே நான்தான்" என்று முடித்துவிடுவாள். சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனால்கூட, "அத்தான், நீங்களும் வந்து வளையல் போட்டுக்கங்க" என்று கூப்பிடுகிறார்கள்.

போன வருஷம் கார்த்திகையில் நந்தினிக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. செல்விக்கு முழங்கால் வலி, பயணம் போக முடியாது. நான் மட்டும் ரயில் ஏறினேன். செல்வி சொல்லிக்கொடுத்தபடி பெங்களூரில் தெரிந்தவர் வீட்டில் ரசம் வைத்து, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்குப் போனேன். வாசலில் வார்டன் அம்மா தடுத்துவிட்டார். தமிழ்க்காரர்தான், ஆனால் சட்டம் சட்டம். ஆண்கள் யாராக இருந்தாலும் கீழே கூடத்தோடு சரி; அம்மாவானால் மேலே அறைக்குப் போகலாம், கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம். நான் கெஞ்சினேன். பிளாஸ்க்கைக் காட்டினேன். நடக்கவில்லை.

போர்வையைப் போர்த்திக்கொண்டு நந்தினியே படியிறங்கி வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. போனை எடுத்து, கண்காட்சி அன்று காலையில் திரையில் வந்த படத்தைத் தேடி, வார்டன் முன்னால் நீட்டினாள்.

"மேடம், இது எங்க வீட்டு டி.என்.ஏ. ரிப்போர்ட். இந்தக் கோடு எங்கம்மா. இது இவரு. ரெண்டும் ஒண்ணா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

வார்டன் படத்தைப் பார்த்தார். என் தாடியைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். நந்தினி காய்ச்சலோடு, சிரிக்காமல், முழுக்கதையையும் அங்கேயே நின்று சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கதை முடிந்தபோது வார்டன் மேஜையில் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து, மாடிப்படியைக் கை காட்டி, "சரி, அம்மா மேல போகலாம்" என்றார்.

போனேன்.